பன்னிரண்டாவது கேள்வி

இரண்டு மென்பொருள்களை ஒப்பிட வேண்டுமானால் முதலில் இரண்டுக்கும் ஒரே சாப்பாட்டைப் போட வேண்டும். ஒன்றுக்குச் சுத்தமான தரவையும் இன்னொன்றுக்குக் கந்தலையும் கொடுத்துவிட்டு எது கெட்டிக்காரன் என்று கேட்பது நியாயமில்லை. அதனால் எங்கள் கம்பெனிக்கு ஒரு வருடத்தில் வந்த ஐயாயிரத்துச் சொச்சம் புகார்களையும் ஒரே கோப்பாக்கி இரண்டுக்கும் கொடுத்தேன். பிறகு இரண்டிடமும் அதே பன்னிரண்டு கேள்விகளைக் கேட்டேன். பதினொன்றுக்கு இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. பன்னிரண்டாவதில் ஒன்று என் அண்ணனைக் கடைசி ஆள் என்றது. இன்னொன்று அவனை நடுவில் வைத்தது.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. நாங்கள் லிஃப்ட் செய்வதில்லை, விற்பதும் இல்லை. யாரோ செய்து யாரோ விற்ற லிஃப்ட் நின்றுபோனால் போய்ப் பார்ப்போம். ஆயிரத்துக்கு மேல் லிஃப்டுகள், முப்பத்தொன்பது டெக்னீஷியன்கள், மூன்று மூன்று பேராகப் பதின்மூன்று குழுக்கள். அண்ணன் அந்த முப்பத்தொன்பதில் ஒருவன். நான் அறிக்கைப் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு பிரிண்டரும்.

பழைய அறிக்கை மென்பொருளைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யாரும் தொடாமலே பதினான்கு பக்கங்களை அச்சடித்து வைக்கும். எத்தனை புகார், எத்தனை முடிந்தது, சராசரி எத்தனை மணி நேரம். அலுவலகத்தில் அதற்கு ‘கட்டு’ என்று பெயர். இடித்து இரண்டு வருடமான ஒரு கட்டடத்தில் ‘இந்த வாரம் புகார் எதுவும் இல்லை’ என்று ஒன்பதாம் பக்கம் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு முறை அந்தக் கட்டடத்தைப் பாராட்டவும் செய்தார்.

அறிக்கை மென்பொருள் பஸ் மாதிரி. நேரத்துக்கு வரும், போகிற வழியில்தான் போகும், நாம் ஏறி உட்கார்ந்தால் போதும். பகுப்பாய்வு மென்பொருள் வாடகைக் கார் மாதிரி. எங்கே போக வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ‘புகார் கூடியிருக்கிறது’ என்று கட்டு சொல்லும். ‘எங்கே, எந்த மாடிக் கதவில், மழை நாளிலா வெயில் நாளிலா’ என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போக வேண்டுமானால் கார்தான் வேண்டும். சரியாகச் சொல்லத் தெரியாதவரை அது ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு அதே தெருவில் இறக்கிவிடும். முதலாளிக்கு இப்போது கார் வேண்டும். இரண்டு கம்பெனிகள் வந்து காட்டிவிட்டுப் போயின. ஒன்றின் திரை பச்சை, இன்னொன்றின் திரை ஊதா. அதனால் அலுவலகத்தில் அவை பச்சை, ஊதா என்றே ஆகிவிட்டன. ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

“பன்னெண்டாவதுதான் முதலாளிக்கு வேணும்” என்றார் மேலாளர். “மத்த பதினொண்ணும் சும்மா தொட்டுக்க.”

பன்னிரண்டாவது கேள்வி இதுதான்: சரி செய்துவிட்டு வந்த லிஃப்ட் ஏழு நாளைக்குள் அதே கோளாறுடன் திரும்ப நின்றால் அது யாருடைய வேலை? அப்படித் திரும்பியவை ஒவ்வொருவருக்கும் எத்தனை? தொண்ணூறு லிஃப்டுகள் இருந்த ஒரு குடியிருப்பு எங்களைவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. அதனால் வருட ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இரண்டு பேரைக் குறைக்கப் போகிறார்கள். பன்னிரண்டாவது கேள்வியில் கடைசியாக வரும் இரண்டு பேரை.

“உங்க அண்ணன் இதுல இருக்கார்னு தெரியும்” என்றார் மேலாளர். “அதனாலதான் உங்ககிட்டயே குடுக்கறேன். நீங்க செஞ்சா யாரும் பேச மாட்டாங்க. இல்ல, எல்லாருமே பேசுவாங்க. ரெண்டுல ஒண்ணு.”

“வேற யாராவது செய்யலாமே சார்.”

“வேற யாரு? பிரிண்டரா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர் எங்க வர்றார்னு பாத்தீங்களா?”

“இன்னும் இல்ல சார்.”

பார்த்து நான்கு நாளாகியிருந்தது. பச்சையில் அண்ணன் பெயரில் நாற்பத்தொன்று. அதற்கு முந்தைய ஆளுக்கு முப்பத்து மூன்று. அவரை எல்லாரும் மீசை என்பார்கள். அதற்கு அடுத்த ஆளுக்குப் பதினேழுதான். அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தப் பதில் வர எத்தனை வினாடி ஆயிற்று என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன். மூன்று வினாடி.

ஊதாவில் அண்ணனுக்கு ஐந்து, இருபதாவது இடம். அதில் கடைசியாக வந்தது அண்ணனுடைய குழுவிலேயே இருக்கும் நெட்டையன். அந்தக் குழுவில் மூன்றாவது ஆள் பாட்டுக்காரன்.

ஒரே தரவில் இரண்டு பதில் வந்தால் பயப்படத் தேவையில்லை. இரண்டும் எதை எண்ணுகின்றன என்று பார்த்தால் போதும். எனக்கு அது எப்போதும் பிடித்த வேலை. அந்த வாரமும் கை தானாகச் செய்தது. எங்கள் கோப்பில் ஒரு புகாருக்கு மூன்று வரிகள் இருக்கும். புகார் வந்தது ஒரு வரி. ஆள் போய்ச் சேர்ந்தது ஒரு வரி, அதில் முதலில் போனவர் பெயர் இருக்கும். புகாரை மூடியது ஒரு வரி, அதில் மூடியவர் பெயர் இருக்கும். ‘ஒரு புகாருக்கு ஒரு பெயர்’ என்று கேட்டால் மென்பொருள் ஏதாவது ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பச்சை கடைசி வரியை எடுக்கிறது. ஊதா பெயர் உள்ள முதல் வரியை எடுக்கிறது. நாம் சொல்லாவிட்டால் அவை அப்படித்தான் செய்யும், செய்ததை நம்மிடம் சொல்வதும் இல்லை. ஆக, பச்சை கடைசியாக மூடியவரை எண்ணுகிறது. ஊதா முதலில் போய்ச் சேர்ந்தவரை எண்ணுகிறது. வேலையைச் செய்தவர் யார் என்பது கோப்பில் எங்குமே இல்லை.

நெட்டையன் மோட்டார் சைக்கிளில் போகிறவன், அதனால் எங்கும் முதலில் போய்விடுகிறான். அது எனக்குத் தெரியும். ஆனால் மூடுவது ஏன் எப்போதும் அண்ணன்?

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அண்ணி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நாள் முழுவதும் வாயைத் திறக்கச் சொல்கிற இடத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் யாரும் வாயைத் திறக்காவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. அன்று சாப்பிடும்போது நானே திறந்தேன்.

“அண்ணா, புகார மூடறது எப்பவும் நீதானா?”

“ஆமா. ஏன்?”

“சும்மாதான். மத்தவங்க மூடக் கூடாதா?”

“கடைசியா வெளிய வர்றவன்தான் மூடணும் பாப்பா. ரூல் அது.” எனக்கு முப்பத்தைந்து வயது. அவனுக்கு நான் பாப்பாதான். “மூடிட்டா கன்ட்ரோல் ரூம்காரன் லிஃப்ட ஓட விட்டுருவான். உள்ள ஒருத்தன் நிக்கறப்போ வெளிய இருக்கறவன் மூடிட்டான்னு வெச்சுக்க…” கையைத் தட்டில் அழுத்திக் காட்டினான்.

“சாப்பிடற இடத்துல வேணாம்” என்றாள் அண்ணி.

“அப்போ கடைசியா வர்றது எப்பவும் நீயா?”

“நெட்டையனுக்கு ரெண்டு குழந்தைங்க. பாட்டுக்காரனுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்.”

“உனக்கு?”

“எனக்கு நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க. உங்க வாய்க்குப் பயந்தே உள்ள இருக்கலாம்.”

“இருங்களேன்” என்றாள் அண்ணி. “யாரு வேணாம்னா?”

அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று பேர் செய்த வேலை ஒருவன் பெயரில் ஏறியிருக்கிறது. மூடியவற்றில் எத்தனை திரும்பின என்று சதவீதத்தில் பார்த்தாலும் அவன் கடைசியில்தான் வந்தான், ஆனால் சதவீதம் குழுவுடையது, பெயர் மட்டும் அவனுடையது. முதலாளிக்கு எப்படியும் சதவீதம் பிடிக்காது. “எத்தன தடவன்னு சொல்லும்மா” என்பார்.

வேலையைச் செய்தவர் யார் என்பது ஓர் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டடத்திலும் மேலே இருக்கும் இயந்திர அறையில், கதவின் பின்பக்கம், ஒரு அட்டை தொங்கும். தேதி, கோளாறு, என்ன செய்தோம், செய்தவரின் சின்னக் கையெழுத்து. வருடத்துக்கு ஒரு முறை வரும் ஆய்வாளருக்காக அதை எழுதுகிறார்கள். யாரும் அதைக் கணினியில் ஏற்றியதில்லை. அண்ணன் பெயரில் இருந்த நாற்பத்தொரு புகார்களும் இருபத்து நான்கு கட்டடங்களில் இருந்தன. மூன்று சனிக்கிழமைகள் போதும் என்று கணக்குப் போட்டேன். முதல் சனிக்கிழமை அவனுக்கு வேலை நாள். சாவி அவனிடம் இருந்தது, அவனுடனே போனேன்.

“எதுக்கு உனக்கு அட்ட?” என்றான்.

“ஒப்பிட.”

“ரெண்டு மெஷின ஒப்பிடறதுக்கு மாடி ஏறற முத ஆளு நீதான்.”

மூன்றாவது கட்டடத்தில் ஐந்தாவது மாடிக் கதவில் கோளாறு. லிஃப்டின் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு கொக்கி இருக்கிறது. கதவு மூடியதும் கொக்கி இறங்கும், இறங்கிய பிறகு ஒரு சிறு செம்புத் தகடு இன்னொரு தகட்டைத் தொடும். தொட்டால்தான் லிஃப்டுக்கு ‘கதவு பூட்டியாயிற்று, கிளம்பலாம்’ என்று செய்தி போகும். இருபது மாடியென்றால் இருபது தகடுகளும் தொட்டிருக்க வேண்டும். ஒன்று தொடாவிட்டாலும் லிஃப்ட் நகராது. அவ்வளவு பெரிய இயந்திரம் நகத்தளவு தகட்டின் பேச்சைக் கேட்டு நடக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருந்திருக்கிறது. தகடு தேய்ந்திருக்கிறதா, மேடு பள்ளம் இருக்கிறதா என்று டெக்னீஷியன் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அண்ணன் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். துணியால் துடைத்தான். பிறகு அதைக் கீழுதட்டில் வைத்து, கண்ணை மூடி, மெல்ல இழுத்தான்.

“என்ன பண்ற?”

“வழவழன்னு இருக்கான்னு பாக்கறேன்.”

“விரலால பாக்கலாமே.”

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திருகாணியை எடுத்தான், தகட்டில் இருக்கும் துளைக்குக் கொண்டுபோனான். டிங் என்று ஒரு சத்தம். திருகாணி இரண்டு படி கீழே உருண்டு நின்றது. அவன் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் அதைப் பிடித்திருப்பது போலவே சேர்ந்திருந்தன. அந்த விரல்களைத் துளையில் வைத்து அவன் திருப்பிக்கொண்டிருந்தான்.

நான் திருகாணியை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன். அவன் முதலில் அதைப் பார்த்தான், அப்புறம் தன் விரல்களைப் பார்த்தான்.

“எவ்ளோ நாளா?” என்று கேட்டேன்.

“மூணு வருஷம் இருக்கும். மொதல்ல சுண்டு விரல். அப்புறம் ஒவ்வொண்ணா மரத்துடுச்சு.”

“டாக்டர்?”

“பாத்தேன். நரம்புன்னார். அதிர்ற மெஷின எல்லாம் பிடிக்காதீங்கன்னார். நான் என்ன, வீணையா பிடிக்கறேன்?”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“கொதிக்கற பாத்திரத்த வெறுங்கையால இறக்குவேன். ‘என்னா தைரியம்’ங்கறா. நானும் ஆமான்னுட்டேன்.”

மேலே போய் அட்டையைப் படித்தேன். அந்தக் கதவில் அந்த வருடம் மூன்று முறை வேலை நடந்திருந்தது. மூன்றிலும் அவன் கையெழுத்து.

அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் தனியாகப் போனேன். காவலாளிகள் சாவி கொடுத்தார்கள். இயந்திர அறைகள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன, எண்ணெய் வாசனை, சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ விட்டுப்போன செருப்பு. அட்டையைப் படம் எடுப்பேன், நோட்டில் ஒரு கோடு போடுவேன், இறங்குவேன். கால் வலித்ததா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் கோடுகளைக் கூட்டினேன். அண்ணன் இருபத்தாறு. நெட்டையன் எட்டு. பாட்டுக்காரன் ஏழு.

இருபத்தாறும் லிஃப்ட் நின்றுபோன புகார்கள். அது ஆபத்தில்லாத வகை. தகடு சரியாகத் தொடவில்லை, அதனால் லிஃப்ட் நகர மறுத்திருக்கிறது. தவறு இன்னொரு பக்கமும் போகலாம். கொக்கி முழுதாக இறங்குவதற்கு முன்பே தகடு தொட்டுவிடும்படி அமைந்துவிட்டால், லிஃப்ட் கதவு பூட்டியிருப்பதாக நினைத்துக் கிளம்பிவிடும். பூட்டாத கதவுக்குப் பின்னால் வெறும் பள்ளம் இருக்கும். இருபத்தாறில் அந்த வகை ஒன்றுகூட இல்லை. இதுவரை இல்லை என்றுதான் எழுத முடிந்தது.

பன்னிரண்டாவது கேள்வி எதற்கு என்பது அதற்குள் டெக்னீஷியன்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் மதியம் அண்ணி கடைக்குப் போயிருந்தபோது அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“கூட்டியாச்சா?”

“ம்.”

“எவ்ளோ?”

“இருபத்தாறு.”

“பச்சைல?”

“நாப்பத்தொண்ணு.”

“ஊதால நான் எத்தனாவது?”

“இருபதாவது. அதுல நெட்டையன் கடைசி.”

“அவனுக்கு அட்டைல எவ்ளோ?”

“எட்டு.”

கதவின் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தான். “சரியா கூட்டுனியா?”

“மூணு தடவ.”

“மூணாவது தடவையாவது குறையும்னு பாத்தியா?”

அவன் சிரித்தான். என்னிடமிருந்தும் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

“ஒண்ணு சொல்றேன், கேக்கறியா?” என்றான். “ரெண்டு மெஷினுக்குமே பன்னெண்டாவதுக்குப் பதில் தெரியலன்னு எழுதிடு. பொய் இல்லல்ல அது?”

பொய் இல்லை. சொல்லப்போனால் அதுதான் ஒப்பீட்டின் சரியான முடிவு. இரண்டும் தவறான வரியை எண்ணுகின்றன, வேலை செய்தவர் பெயர் தரவில் இல்லை, ஆகவே இந்தக் கேள்விக்கு இரண்டும் உதவாது. எந்த நிபுணரும் அதில் கையெழுத்துப் போடுவார். அட்டைகளை நான் பார்த்தேன் என்று யாருக்கும் தெரியாது. அவன் அடுத்த வருடமும் கொக்கித் தகடுகளை உதட்டால் பார்த்துக்கொண்டிருப்பான்.

“கொக்கி வேலைய விட்டுடறியா?” என்று கேட்டேன்.

“அத விட்டா எனக்கு அங்க என்ன வேல? பல்பு மாத்தறதா?”

“ஒரு நாளைக்கு அது இறங்காமயே தொட்டுடுச்சுன்னா?”

இதை என்னைவிட நன்றாக அறிந்தவன் அவன். வெளியே அண்ணி கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“விரலப் பத்தி எழுதாத” என்றான். “நம்பர மட்டும் எழுது.”

செவ்வாய்க்கிழமை கூட்டம். முதலாளி, மேலாளர், நான். நீள மேசையின் ஒரு முனையில் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம், திரை அந்தப் பக்கம் இருந்ததால். நான் பச்சையையும் ஊதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பச்சை வேகம். பழைய ‘கட்டு’ அறிக்கையையும் அதுவே அச்சடிக்கும், அதனால் பஸ்ஸும் காரும் ஒரே கொட்டகையில் நிற்கும். மேலாளரின் போனிலும் திறக்கும். ஊதா படம் அழகாகப் போடும், ஆனால் கேள்வியை அதன் பாஷையில் கேட்க வேண்டும். பதினோரு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான், ஆனால் வேகத்திலும் வசதியிலும் எட்டில் பச்சை மேல், மூன்றில் சமம். பச்சையை வாங்கலாம் என்று சொன்னேன். முதலாளி தலையாட்டினார்.

“பன்னெண்டாவது?”

“அதுல ரெண்டையும் நம்ப முடியாது சார்” என்றேன். மூன்று வரிகளைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் மூடியவர், முதலில் போனவர், வேலை செய்தவர். அவர் கவனமாகக் கேட்டார். “ஒரு குழுவுக்கு மட்டும் அட்டையோட சேத்துப் பாத்தேன். பச்சை நாப்பத்தொண்ணுன்னு சொல்ற ஆளுக்கு நிஜத்துல இருபத்தாறு.”

“யாரு அது?”

“எங்கண்ணன்.”

மேலாளர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், பிறகு மூடினார்.

“இருபத்தாறுன்னாலும் கடைசி ரெண்டுக்குள்ளதானே வர்றார்?” என்றார் முதலாளி. “அடுத்தது பதினேழுதான்னு போட்டிருக்க.”

“ஆமா சார்.”

“அப்போ பச்சை சொன்னது சரிதான. நம்பர் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆள் சரி. சொந்த அண்ணன் விஷயத்துல நீயே அலஞ்சு பாத்துட்டு சரின்னு சொல்ற. இதுக்கு மேல என்னம்மா சோதன வேணும்? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்.” மேலாளர் பக்கம் திரும்பினார். “ரெண்டு பேருக்கும் லெட்டர் ரெடி பண்ணிடுங்க.”

அந்தப் பழமொழி சரியானதுதான். ஒரு பானையில் இருக்கும் அரிசி அத்தனையும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்தது. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் மற்றவை தெரிந்துவிடும். ஆனால் எங்களிடம் இருப்பது பதின்மூன்று குழுக்கள். பதின்மூன்று பானைகள், பதின்மூன்று அடுப்புகள். ஒரு பானையில் சோறு வெந்திருப்பது அடுத்த பானையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதை யாருக்கும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவேன். அன்றைக்கு என் வாய் திறந்தே இருந்தது. அதிலிருந்து வந்தது, “சரி சார்” என்பதுதான்.

மேசையைவிட்டு எழுந்தபோது மேலாளர், “தைரியம்தான் உங்களுக்கு” என்றார். அண்ணி வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்துச் சொல்வதும் அதே சொல்தான்.

கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்றது, மாதம் முடிய பதினாறு நாள் இருந்தது. அண்ணன் அதை அண்ணியிடம் கொடுத்தான், அவள் இரண்டு முறை படித்தாள்.

“இத யாரு எழுதறா? நல்லா எழுதியிருக்கான்” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் அண்ணி.”

“எவ்ளோ நாளா?”

“ஒரு மாசமா.”

அவள் கடிதத்தை மடித்து மின்விசிறி ரெகுலேட்டரின் பின்னால் செருகினாள். “ஒரு மாசமா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தேதி சொல்வது போலச் சொன்னாள். பிறகு அண்ணனிடம், “கையக் காட்டுங்க” என்றாள். அவன் அவளிடம் எப்போது சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு விரலையும் கிள்ளிப் பார்த்தாள். எந்த விரலைக் கிள்ளியபோதும் அவன் முகம் மாறவில்லை.

“இன்னொருத்தன் யாரு?” என்று அவன் என்னிடம் கேட்டான்.

“மீசை.”

“மீசையா?” கையை இழுத்துக்கொண்டான். “அந்தாள் ஒரு கதவத் தொட்டார்னா ரெண்டு வருஷத்துக்கு அந்தப் பக்கம் யாரும் போக வேணாம். எவ்ளோ போட்டிருக்கு அவருக்கு?”

“முப்பத்து மூணு. அவங்க குழுல யாரு மூடறா?”

“அவர்தான். கடைசியா வர்றவன் மூடணுங்கறத நிஜமா செய்யறது கம்பெனியிலயே நாங்க ரெண்டு பேர்தான். மத்தவன்லாம் கையில போன் இருக்கறவன் மூடுவான்.” என்னைப் பார்த்தான். “அவர் அட்டையப் பாத்தியா?”

“இல்ல.”

“ஏன்?”

ஏன் என்பதற்குப் பதில் இருந்தது. நான் தேடிப் போனது மென்பொருளின் தவறை அல்ல, இவனுடைய எண் குறையுமா என்பதை. இவனுடைய இருபத்து நான்கு கட்டடங்களும் முடிந்ததும் எனக்கு ஒப்பீடு முடிந்துவிட்டது. நான் நேர்மையாகச் சொன்ன ஒரு எண்ணை வைத்து, நான் பார்க்கவே பார்க்காத இன்னொரு எண்ணுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அதையெல்லாம் சொல்லவில்லை. “பாக்கல” என்றேன்.

வெள்ளிக்கிழமை மேலாளரிடம் போனேன். பானையையும் அடுப்பையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“லெட்டர் போயாச்சு” என்றார். “முதலாளி கையெழுத்துப் போட்டாச்சு. இப்போ போய் மெஷின் தப்புன்னு சொன்னா, அண்ணனுக்காகப் பேசறீங்கன்னுதான் நெனைப்பார்.”

“அண்ணனுக்காக இல்ல சார். அண்ணன் நம்பர் சரிதான்.”

“அது எனக்குத் தெரியுது. அவருக்குத் தெரியணுமே.” கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். “அட்டையக் கொண்டு வாங்க. முப்பத்து மூணையும். பாதிய வெச்சுக்கிட்டுப் பேசாதீங்க. முப்பத்து மூணும் இருந்தா நான் உள்ள எடுத்துட்டுப் போறேன்.”

முப்பத்து மூன்று புகார்கள், பத்தொன்பது கட்டடங்கள். சனிக்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது அண்ணன் அவனுடைய ஷூவை எடுத்துக்கொண்டு வந்தான். லேசைக் கட்ட அவனுக்கு நேரமாயிற்று. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், உதவவில்லை.

“நீ எதுக்கு?”

“அவங்க குழுக் கையெழுத்து உனக்குத் தெரியுமா? மூணு பேரும் கோழி கிளறுன மாதிரி போடுவாங்க.”

மதியத்துக்குள் ஏழு கட்டடங்கள் முடிந்தன. பன்னிரண்டு புகார்களில் மீசையின் கையெழுத்து ஒன்றில்தான் இருந்தது. ஒரு கட்டடத்தின் காவலாளி அவனைத் தெரிந்தவர். “என்ன சார், லீவு நாள்ல?” என்று கேட்டதற்கு, “இனிமே எல்லாம் லீவு நாள்தான்” என்றான். அவர் சிரித்தார். எட்டாவது கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை, யாரும் இன்னும் புகார் கொடுத்திருக்கவில்லை. பதினோரு மாடி. ஏறினோம். எட்டாவது மாடியில் அவன் நின்று மூச்சு வாங்கினான், நானும் நின்றேன். எனக்கு அவனிடம் சொல்ல ஏதோ இருந்தது போலத் தோன்றியது. என்ன என்று தேடினேன், கிடைக்கவில்லை.

இயந்திர அறைக் கதவின் பின்னால் அட்டை தூசி படிந்திருந்தது. நான் அதைத் துடைத்து, எங்கள் பட்டியலில் இருந்த தேதியைத் தேடி விரலை வைத்தேன்.

“இது யாரு?”

அண்ணன் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். நன்றாகப் பார்த்துவிட்டு, “மீசை இல்ல” என்றான்.

நான் எழுதிக்கொண்டேன்.